ஏழாம் எண் தட்டு

மார்ச் 3, திங்கள்

இன்று காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, இரண்டு நாள் ஆலோசனைக்குப் பிறகு, செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில் இருந்த கூப்பனை வெட்டி எடுப்பது என்று தீர்மானித்தேன். கத்தரிக்கோலா, அளவுகோலை வைத்துக் கிழிப்பதா என்ற கேள்வி எழுந்தது. கத்தரிக்கோலைக் கேட்டால் மனைவி எதற்கு என்பாள். அளவுகோல் வென்றது. ஓரம் நேராக வந்தது.

பழைய சந்தைக் கூடத்தில் பத்து நாள் உலக உணவு, ஒயின் விழா நடக்கப்போகிறது. அதில் ஒரு போட்டி. பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு வெளிநாட்டுப் பண்டம் சமைத்து, அதற்குப் பொருத்தமான ஒயினும் தேர்ந்து வைப்பார்கள். பொதுமக்களிலிருந்து குலுக்கலில் எடுத்த பன்னிரண்டு பேர், யார் சமைத்தது என்று தெரியாமல் சாப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள். சாப்பிடுபவருக்கான தகுதிகள் இரண்டு: நல்ல செரிமானம், வாயடக்கம். முதலாவது எனக்குப் பிறவியிலேயே உண்டு. இரண்டாவதை உத்தியோகம் கற்றுக்கொடுத்தது.

காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. எரிந்தது, நனைந்தது, காணாமல்போனது என்று ஜனங்கள் எழுதித் தருவதை நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம். இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் கண்டுகொண்டது ஒன்றே ஒன்று. உண்மையான இழப்பில் ஏதாவது இடிக்கும். தேதி இடிக்கும், இல்லாவிட்டால் மச்சான் வேறு மாதிரி சொல்வான். எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தினால், யாரோ உட்கார்ந்து பொருத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கூப்பனைத் தபாலில் சேர்த்தேன்.

மார்ச் 7, வெள்ளி

என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரமாகவா? நகரத்தில் செரிமானம் உள்ளவர்களே இல்லையா?

கடிதத்துடன் பதினான்கு பக்க விதிப் புத்தகம். பரிசு என்னவென்றால், சந்தைக் கூடத்தின் மூலையில் காலியாகக் கிடக்கும் சமையற்கட்டும் அதன் முன்னால் உள்ள ஆறு மேசைகளும் ஓராண்டுக்கு வெற்றி பெற்றவருக்கு. வாடகை கிடையாது. இதுவரை கடை நடத்தாதவர்கள் மட்டும் போட்டியிடலாம். ஆகவே யாரோ ஒருவருடைய பிழைப்பு என் நாக்கைப் பொறுத்தது. பொறுப்பு உறைத்தது.

நான்காம் விதி: சுவைஞராக இருப்பதைக் குடும்பத்தாரிடம்கூடச் சொல்லக் கூடாது. ஒன்பதாம் விதி: சுவைஞருக்கும் போட்டியாளருக்கும் எந்த உறவும் இருக்கக் கூடாது, இருந்தால் போட்டியாளர் நீக்கப்படுவார். என் உறவினர்களின் சமையலைச் சாப்பிட்டவன் என்ற முறையில் தயக்கமின்றிக் கையெழுத்திட்டேன்.

மனைவியிடம், வரும் வாரம் அலுவலகத்தில் மாலை வேலை என்றேன். "சரி" என்றாள். எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று கேட்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல்முறை.

மார்ச் 10, திங்கள்

மனைவியின் நடவடிக்கைகளில் தெளிவின்மை இருக்கிறது. பின்னணியைப் பதிவு செய்துகொள்கிறேன்.

ஜனவரியில் அவள் வேலைபார்த்த திரைச்சீலைக் கடையை மூடிவிட்டார்கள். ஒரு வாரம் சும்மா இருந்தாள். பிறகு ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "நாமளே சின்னதா ஒரு சாப்பாட்டுக் கடை போட்டா என்னங்க?" என்றாள். "கடைக்குத் தீக் காப்பீடு எடுத்துடலாம். சாப்பிடுறவங்களுக்கு என்ன எடுக்கிறது?" என்றேன். நல்ல வாக்கியம். வந்துபோன உறவினர்களிடமும் சேர்த்து இதுவரை மூன்று முறை சொல்லியிருக்கிறேன், மூன்று முறையும் எடுபட்டது. முதல்முறை அவளும் சிரித்தாள். அதன்பின் கடைப் பேச்சை அவள் எடுக்கவில்லை. விஷயம் சுமுகமாக முடிந்தது என்று கோப்பை மூடிவிட்டேன்.

இப்போதைய நிலவரம்: பிப்ரவரியிலிருந்து மாலை நேரங்களில் தையல் வகுப்பு என்று போகிறாள். கொண்டுவிடுவதும் கூட்டிவருவதும் அவள் தம்பி. எலக்ட்ரீஷியன், மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறான். தையல் வகுப்பிலிருந்து வரும் பெண்ணின் புடவையில் ஒரு நூல் துணுக்காவது ஒட்டியிருக்க வேண்டும். இல்லை. தலைமுடியில் மட்டும் புகை வாசனை. எந்தத் தையல் இயந்திரம் புகைகிறது?

மார்ச் 12, புதன்

மணிக்கட்டில் தீக்காயம். கேட்டேன். இஸ்திரிப் பெட்டி என்றாள். அவள் குளிக்கப் போனபோது இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. அதன்மேல் ஒரு வாரத்துத் தூசி. விரலால் கோடு கிழித்து வைத்தேன்.

அரிசி டப்பாவின் பின்னால் சிவப்புப் பொடி ஒன்று ஒளிந்திருந்தது. மிளகாய்ப் பொடி என்று நுனி நாக்கில் வைத்தேன். காரமே இல்லை. மிளகாயைப் போல் நடிக்கும் ஒரு பொருளை வீட்டில் ஏன் வைத்திருக்க வேண்டும்?

மூன்று சாத்தியங்கள். தம்பியும் அவளும் ஏதோ பிரார்த்தனைக் குழுவில் சேர்ந்திருக்கிறார்கள். அல்லது கார் ஓட்டக் கற்கிறாள், புகை அதனால். மூன்றாவதை எழுதப்போவதில்லை.

நான்கு நாளாக இரவுச் சாப்பாடு வேகவைத்த முட்டை.

மார்ச் 14, வெள்ளி

முதல் மாலை. சுவைஞர்களுக்கு முன்வாசல், சமைப்பவர்களுக்குப் பின்வாசல். எங்கள் மேசையைச் சுற்றித் துணித் திரை. தட்டுக்கு எண் மட்டும். இரண்டு தட்டுக்கு நடுவில் வெறும் பிஸ்கட்டும் தண்ணீரும், நாக்கைக் கழுவ. மேசைக்குக் கீழே ஆளுக்கொரு வாளி. ஒயினை வாயில் சுழற்றிவிட்டு அதில் துப்ப வேண்டுமாம். மேற்பார்வை ஒரு கண்காணிப்பாளர் அம்மா. கழுத்தில் விசில் தொங்குகிறது. எதற்கு என்று தெரியவில்லை. எச்சில் துப்புவதில் தவறாட்டம் ஆடுபவர்களுக்காக இருக்கலாம்.

என் பக்கத்து நாற்காலி ஒரு ஓய்வுபெற்ற பல் டாக்டர். நான் கொட்டாவி விட்டபோது, "இடது கடைவாயில ஒண்ணு ஆடுதே, கவனிங்க" என்றார். கேட்காத தகவலைத் தருபவர்களைக் கவனிக்க வேண்டும்.

முதல் தட்டு வடதுருவத்துக்குப் பக்கத்து ஏதோ நாட்டின் புளிக்கவைத்த மீன். அந்த மீன் பெருந்துன்பம் அனுபவித்திருக்கிறது. சாவதற்கு முன்பா பின்பா என்பதை உறுதிசெய்ய இயலவில்லை. மூன்று மதிப்பெண். இரண்டாவது பிரெஞ்சு வெங்காய சூப்; மேலண்ணம் கொப்புளித்துவிட்டது. கூட வந்த ஒயினைப் பற்றி அட்டையில், "ஈரக் கல், பழைய தோல், அப்போது வெட்டிய புல்" என்று எழுதியிருந்தார்கள். நான் ஈரக் கல்லை நக்கியதில்லை. ஆகவே மறுப்பதற்கும் ஆதாரமில்லை. ஆனால் வெள்ளம் வந்துபோன கிடங்குகளை ஆய்வு செய்யப் போயிருக்கிறேன். இது அந்த வாசனை.

பல் டாக்டர் வாளியைப் பயன்படுத்தவே இல்லை. "துப்பறது தொழில்ல போதும் போதும்னு பாத்துட்டேன் சார்" என்றார்.

வீட்டுக்கு வரும்முன் கிராம்பு இரண்டு கடித்துக்கொண்டேன். மனைவி எனக்குப் பிறகுதான் வந்தாள்.

மார்ச் 15, சனி

பெரு நாட்டின் பச்சை மீன். இத்தாலியின் குழைந்த சோறு. ஜெர்மனியின் முட்டைக்கோஸ் ஊறுகாய் போன்ற ஒன்று. எல்லாவற்றிலும் ஏதோ இடித்தது. ஆகவே யோக்கியமானவை. நாலு, ஐந்து, நாலு.

கூடத்தின் பின்வாசலில் மச்சினனின் மோட்டார் சைக்கிள் நின்றது. எண்ணைச் சரிபார்த்தேன், அதேதான். என்னைப் பின்தொடர்கிறான். அக்காதான் அனுப்பியிருக்க வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று ஒன்று நடந்தது. நிதானமாக எழுத வேண்டும்.

ஏழாம் எண் தட்டு ஹங்கேரி நாட்டின் குலாஷ். ஆட்டுக்கறியை வெங்காயத்தோடும் ஒரு சிவப்புப் பொடியோடும் மணிக்கணக்கில் வேகவைப்பதாம். ஒரு கரண்டி வாயில் வைத்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுடவில்லை, மற்ற தட்டெல்லாம் நாக்கைப் பொசுக்கியபோது இது ஆற வேண்டிய அளவுக்கு ஆறியிருந்தது. உப்பு எனக்கு வேண்டிய இடத்தில் வந்து நின்றது. முன்பே சாப்பிட்டதுபோல ஒரு நினைப்பு. எப்படி இருக்க முடியும்? அந்தப் பெயரையே இன்றுதான் கேள்விப்படுகிறேன். கூட வந்த சிவப்பு ஒயின் லேசான இனிப்பு. நெஞ்சு கரிக்கவில்லை.

துடைத்து வைத்துவிட்டேன். "போதும்" என்று தட்டை நகர்த்திய பிறகு, இன்னும் கொஞ்சம் இருந்தால் தேவலை என்று தோன்றியது. பார்த்தால், பரிமாறும் பெண் ஒரு சிறிய மூடிய கிண்ணத்தோடு வந்தாள். ஏழாம் எண்ணில் மட்டும் இரண்டாம் முறைக்குக் கொஞ்சம் தனியாக அனுப்பியிருக்கிறார்களாம்.

ஒன்பது போட்டேன். கை தானாகப் போட்டது. இருபத்திரண்டு வருடத்தில் என் கை தானாக எதையும் செய்ததில்லை.

மனைவி வீட்டில் இல்லை. வந்ததும், "சாப்டீங்களா?" என்றாள். "அலுவலகத்தில்" என்றேன். "என்ன?" என்றாள். "பிஸ்கட்" என்றேன். பொய்யில்லை. ஏனோ கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்ச் 17, திங்கள்

கிராம்பு டப்பா ஏன் காலியாகிறது என்று கேட்டாள். பல் ஆடுகிறது என்றேன்.

மார்ச் 19, புதன்

மச்சினன் வந்தான். அக்கா மாடியில் துணி எடுக்கப் போனதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மாமா, தப்பா நினைக்காதீங்க. நீங்க குடிக்க ஆரம்பிச்சுட்டீங்களாமே" என்றான்.

நான்காம் விதி நினைவுக்கு வந்தது. "இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

"வாசனை வருதுன்னு அக்கா சொல்லுது. கிராம்பைக் கடிச்சா போயிடுமா? சாயங்காலம் ஆபீசுல லைட்டே எரியலையே மாமா. அந்தப் பக்கமாத்தான் நான் வேலைக்குப் போறேன்."

அவன் அந்தப் பக்கம் ஏன் போகிறான், மோட்டார் சைக்கிள் ஏன் சந்தைக் கூடத்தில் நிற்கிறது என்று திருப்பிக் கேட்டேன். பையனுக்கு முகம் வெளிறிவிட்டது. கூடத்தில் வயரிங் வேலை என்று முணுமுணுத்தான். எழுந்து போய்விட்டான். பயந்தவன் முகம் எனக்குத் தெரியும். எதை மறைக்கிறான்?

தபாலில் தகவல்: இறுதிச் சுற்றுக்கு மூன்று பேர். இரண்டு, ஏழு, பதினொன்று.

ஏழைப் பற்றி மூன்று நாளாக யோசிக்கிறேன். நூலகத்தில் ஒரு தடிமனான சமையல் கலைக்களஞ்சியத்தைப் பார்த்தேன். குலாஷில் கேரட் கட்டாயம் போட வேண்டுமாம். ஏழாம் தட்டில் கேரட் இல்லை. நான் ஒன்பது வயதிலிருந்து கேரட் தொடுவதில்லை. பிரியாணி இலை போடச் சொல்கிறது. வாசனை இருந்தது, இலை இல்லை. பரிமாறுமுன் யாரோ பொறுமையாகத் தேடி எடுத்திருக்கிறார்கள். ஒரு விருந்தில் எனக்குப் பிரியாணி இலை தொண்டையில் சிக்கி முதுகில் தட்ட வேண்டிவந்தது. அந்தச் சம்பவம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

மார்ச் 21, வெள்ளி

இறுதிச் சுற்று. இரண்டாம் எண்: ஸ்பெயின் நாட்டின் சோறு, சிப்பிகளோடு. சிப்பிகள் சந்தேகத்துக்கு இடமின்றிச் சிப்பிகளாகவே இருந்தன. ஆறு. பதினொன்று: ஏதோ ஒரு கோழி, பழத்தோடு. கோழியும் பழமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. ஐந்து.

பிறகு ஏழு.

கிரேக்க மூசாகா. கத்திரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கடுக்காக வைத்து, மேலே ஒரு வெள்ளைக் குழம்பை ஊற்றிச் சுடுவது. நான் அடுப்பில் சுட்ட எதையும் ஓரத் துண்டாகத்தான் தின்பேன். ஓரத்தில்தான் கருகல் இருக்கும். என் தட்டில் ஓரத் துண்டு. எதேச்சையாக இருக்கலாம் என்று பல் டாக்டரின் தட்டைப் பார்த்தேன். ஓரத் துண்டு. எழுந்து நின்று பன்னிரண்டு தட்டையும் பார்த்தேன். கண்காணிப்பாளர் அம்மா விசிலை வாயருகே கொண்டுபோனார். பன்னிரண்டும் ஓரம். நடுத்துண்டு ஒன்றுகூடக் கிடையாது. குறுகலான தட்டுகளில் தனித்தனியாகச் சுட்டால்தான் அப்படி வரும். அதாவது நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் தப்பிக்க வழியில்லை.

மிளகு முழுசுமில்லை, தூளுமில்லை. கறி என் இடது கடைவாய்க்குத் தகுந்தாற்போல் பொடி. கூட வந்த தக்காளிக் குழம்பு ரொட்டியைத் தொடாமல் தட்டின் ஒரு பக்கத்தில். பிறகு அந்தச் சிறிய கிண்ணம்.

தின்றேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், கிண்ணத்தையும் தின்றேன்.

அதன்பின் தெளிவு வந்தது. ஒருமுறை பொருந்தினால் தற்செயல். இரண்டு முறை, இரண்டு நாட்டுப் பண்டத்தில், ஒரே ஆளின் நாக்குக்கு இம்மி பிசகாமல் பொருந்தினால்? யாரோ என்னைப் படித்திருக்கிறார்கள். ஒரு சுவைஞரின் விருப்பு வெறுப்புகளை விசாரித்தறிந்து அவரை வளைக்கப் பார்ப்பது லஞ்சத்தில் சேராதா? என்னையே எனக்கு லஞ்சமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

பதினோராம் விதிப்படி எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவிக்க உரிமை உண்டு. அங்கேயே உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். பதினொரு காரணம், ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தோடு. மதிப்பெண் கட்டத்தில் கோடு போட்டேன்.

கண்காணிப்பாளர் அம்மா படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களைப் பத்தி இவ்வளவு யாருக்கு சார் தெரியும்?"

"அதைத்தான் விசாரிக்க வேண்டும்" என்றேன்.

பல் டாக்டர் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். "கட்டின பொண்டாட்டிக்குக்கூட இவ்வளவு தெரியாது" என்றார். ஒத்துக்கொண்டேன். அவரையும் விசாரிக்கச் சொல்லி அடிக்குறிப்பு சேர்த்தேன். கடைவாய் விஷயம் அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

நாளை மூன்று மணிக்கு விசாரணை. போட்டியாளருக்கு எதிர்ப்பின் நகல் தரப்படும், எழுதியவர் பெயர் இல்லாமல். பதில் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. சுவைஞர்கள் திரைக்குப் பின்னால் இருக்கலாம்.

ரொம்ப நாளைக்குப் பிறகு திருப்தியாக இருக்கிறது.

மார்ச் 22, சனி

எழுத முடியவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

மூன்று மணிக்குத் திரைக்குப் பின்னால் முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன். பேனா திறந்து வைத்திருந்தேன், குறிப்பெடுக்க. அந்தப் பக்கம் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். நாற்காலி இழுபட்ட சத்தம். கண்காணிப்பாளர் அம்மா ஒவ்வொரு காரணமாக வாசித்தார். என் வாக்கியங்கள் சத்தமாக வாசிக்கும்போது நன்றாக இருப்பதைக் கவனித்தேன் — ஆமாம், கவனித்தேன், அதையும் எழுதித் தொலைக்கிறேன். உப்பு. கேரட். இலை. "நான்கு: வெங்காயம் கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிதாக அரியப்பட்டது; வெங்காயத்தைப் பார்த்தால் ஒதுக்கிவைக்கும் ஒருவருக்காகவே இப்படி அரிய வேண்டியிருக்கும்." எதிர்ப்பக்கம் காகிதம் புரளும் சத்தம் மட்டும். இரண்டாம் கிண்ணத்தைப் பற்றி வாசித்தபோது — "போதும் என்று சொல்லிவிட்டு மீண்டும் கேட்கும் ஒருவரின் பலவீனத்தைத் திட்டமிட்டு" என்று எழுதியிருந்தேன் — அந்தப் பக்கத்தில் ஒரு மூச்சு. சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

வாசித்து முடித்ததும், "இதுக்கு நீங்க என்ன சொல்றீங்கம்மா?"

"எல்லாம் சரிதான். எதையும் இல்லைன்னு சொல்லல."

அந்தக் குரல்.

"யாருகிட்ட விசாரிச்சீங்க?"

"யாருகிட்டயும் விசாரிக்கல. எனக்கு வேற யாருக்கும் சமைச்சுப் பழக்கமில்ல. பத்தொம்பது வருஷமா ஒருத்தருக்குத்தான் சமைக்கிறேன். உப்புன்னா அவ்வளவுதான்னு கை போட்டுடுது. மத்தவங்க எவ்வளவு போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"யாரு அந்த ஒருத்தர்?"

"இதை எழுதினவர். கையெழுத்து எனக்குத் தெரியும்" என்றாள்.

உட்கார்ந்திருந்தால் என்ன? உட்கார்ந்தே இருந்திருக்கலாம். யாருக்கும் என் பெயர் தெரியாது. கால் எழுந்துவிட்டது. திரையை விலக்கிக்கொண்டு போய் நின்றேன். இடுப்பில் ஏழு என்று எண் ஒட்டிய வெள்ளைத் துணி. மணிக்கட்டில் அந்தக் காயம். பின்னால் மச்சினன், கையில் காலிப் பாத்திரம்.

எதிர்ப்பை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். இவள் என் மனைவி என்றேன். எனக்குத் தெரியாது, சத்தியமாக எனக்குத் தெரியாது — இதைச் சொல்லாதவர்கள் யார்? என் மேசைக்கு வரும் அத்தனை பேரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

கண்காணிப்பாளர் அம்மா நம்பினார். அது இன்னும் மோசமாக இருந்தது. "ஆனா உறவு பத்தி ஒரு விதி இருக்கே" என்று புத்தகத்தைப் புரட்டினார். கிடைக்கவில்லை. பக்கம் பதினொன்று, ஒன்பதாம் விதி என்று நான் சொன்னேன். ஏன் சொன்னேன்? வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன? சொல்லித் தொலைத்தேன். அவர் வாசித்தார். எதிர்ப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏழாம் எண் நீக்கம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. துணியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இறுகியிருந்தது. உதவப் போனேன். "வேணாம்" என்றாள். மச்சினன் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவிழ்த்துவிட்டான்.

மார்ச் 23, ஞாயிறு

இரண்டாம் எண்ணுக்குப் பரிசு.

பல் டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். மற்ற பதினொரு பேரும் நேற்றுமுன்தினம் ஏழுக்குத்தான் முதல் இடம் போட்டிருந்தார்களாம். "எனக்கு உப்பு சரியா இருந்துச்சு சார். எல்லாருக்கும்தான். நீங்க என்னவோ உங்களுக்கு மட்டும்னு நினைச்சுட்டீங்க."

மார்ச் 24, திங்கள்

அவள் பேசுகிறாள். தண்ணீர் வந்துவிட்டது, கதவைச் சாத்துங்கள், தபால் வந்திருக்கிறது. குறை சொல்ல எதுவும் இல்லை.

மச்சினன் அவள் சாமான்களைக் கொடுக்க வந்தான். குறுகலான தட்டு பன்னிரண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியவை. ஒன்றரை மாதமாக அவன் வீட்டு அடுப்பில்தான் பழகினாளாம். தினமும் அவனும் அவன் மனைவியும் தின்று தின்று சொல்ல வேண்டுமாம். "அக்கா எங்க ரெண்டு பேரையும் கேக்கும். நல்லா இருக்குன்னு சொன்னா நம்பாது. உங்க மாமா இதைச் சாப்பிடுவாரா, அதைச் சொல்லுன்னும்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"ஜெயிச்சுட்டு சொல்லலாம்னு இருந்துச்சு மாமா. அந்தக் காப்பீட்டு ஜோக்கை நாலாவது தடவை கேக்க வேணாம்னு."

நான் வீட்டிலேயே இருந்திருந்தால் போதும். வேறு எதுவுமே செய்ய வேண்டியதில்லை.

மார்ச் 29, சனி

மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு ஐந்து பக்கம் வந்தது, உட்பிரிவுகளோடு. கிழித்துப் போட்டேன். இரண்டாவது ஒரு பக்கம். அதில் 'எனினும்' என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. கிழித்தேன். கடைசியில் நேரே போய், "தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். "தெரியும்" என்றாள். அரிந்ததை ஓரமாகத் தள்ளிவிட்டு, "நாலு பக்கத்தையும் நான் வச்சிருக்கேன்" என்றாள்.

"எதுக்கு?"

"என்னைப் பத்தி யாரும் இவ்வளவு எழுதினதில்ல."

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று மூன்று மணிநேரமாக யோசிக்கிறேன். அதில் கோபம் இருந்ததா? குரல் சாதாரணமாக இருந்தது. சாதாரணமான குரலைத்தான் நான் நம்புவதில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

கண்காணிப்பாளர் அம்மா வீட்டுக்கே வந்தார். விசில் இல்லாமல் ஆளே அடையாளம் தெரியவில்லை. நான் கதவைத் திறந்தேன். என்னிடம் இல்லை, அவளிடம் பேச வேண்டும் என்றார். இருவரும் சமையலறையில் ஒரு மணிநேரம். நான் செய்தித்தாளை ஒரே பக்கத்தில் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பரிசைத்தான் விதி தடுத்தது. சமைப்பதை எந்த விதியும் தடுக்கவில்லையே என்று அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அவர் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அல்லாடுபவர்கள் எட்டுப் பேர் இருக்கிறார்களாம்.

போகும்போது என்னிடம், "உங்க எதிர்ப்பு ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க சார்" என்றார்.

ஏப்ரல் 16, புதன்

மதியச் சாப்பாட்டுக்கு அந்த எட்டுப் பேரோடு பல் டாக்டரும் சேர்ந்துவிட்டார். அவருக்கு இப்போது கறியே ஆகாதாம், புதிதாக ஏதோ மருந்து சாப்பிடுகிறாராம். காரமும் குறைவாக வேண்டும். அவள் முதல் இரண்டு நாள் திணறினாள். உப்பைக் கையில் அள்ளிவிட்டுப் பாதியைத் திரும்பப் போட்டதைப் பார்த்தேன். ருசி பார்த்துச் சொல்லட்டுமா என்றேன்.

"உங்களுக்குப் பிடிச்சா அவங்களுக்கு ஆகாதுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வாஸ்தவம்.

மே 5, திங்கள்

மச்சினன் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் அடுப்புகள் போட்டாகிவிட்டது. வயரிங் அவனே செய்தான். காலை ஏழு மணிக்குப் போகிறாள், திரும்ப இரவு ஒன்பது ஆகிறது. இன்று மதியம் இருபத்திரண்டு பேர்.

அவள் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். மேசைமேல் திறந்து கிடந்தது. படித்தேன், தொழில் பழக்கம். ஒரு பக்கத்துக்கு ஒரு ஆள். யாருக்கு எது ஆகாது, யாருக்கு எது கெட்டியாக வேண்டும், யார் சாப்பாட்டை மிச்சம் வைக்கிறார்கள், எதை மிச்சம் வைக்கிறார்கள். இருபத்திரண்டு பக்கம். எனக்கென்று பக்கம் இல்லை. எழுத்துப் பிழை இல்லை.

அலுவலகக் கேன்டீனில் மாதச் சீட்டு எடுத்துக்கொண்டேன். மதியம், இரவு, இரண்டு வேளைக்கும் செல்லும்.